குட்டி நாய்க்குப் பல் முளைக்கிற காலம்: வாசல் நிலை, செருப்பு, கை மூன்றும் தப்ப

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு வாசல் நிலை பர்மாத் தேக்கு. ஐயாவின் அப்பா காலத்தில் வைத்தது, இத்தனை வருஷத்தில் கரையான்கூடத் தொடவில்லை. அதன் கீழ் மூலையைப் பதினைந்து வாரக் குட்டி ஒன்று மூன்றே மத்தியானத்தில் சீவிவிட்டது. குட்டியின் பெயர் சீடை, என் மகள் வைத்தது. கண்டனூரில் தெரிந்தவர் வீட்டில் போட்ட நாட்டுக் குட்டி, செம்மி நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். நிலை எனக்கு மட்டும் சொந்தமில்லை, பங்கு வீடு, முன்னோர் படைப்புக்கு வருகிற பங்காளி ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் தடவையாகக் குட்டி கொண்டுவந்து, மூன்றாவது வாரத்தில் முழங்கை வரைக்கும் கீறலோடு உட்கார்ந்து "இது என்ன, வெறி பிடிச்ச ஜாதியா?" என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெறியும் இல்லை, கோபமும் இல்லை. ஈறு அரிக்கிறது, கை கிடையாது, அதனால் எல்லாவற்றையும் வாயால் தொட்டுப் பார்க்கிறது, அப்புறம் முக்கியமாகத் தூக்கம் பற்றவில்லை. இந்த மூன்றாவதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன், அதற்குள் ஒரு ஓலைக் கொட்டானும் இரண்டு சார்ஜரும் போய்விட்டன.

வாய்க்குள் என்ன நடக்கிறது

குட்டிக்குப் பிறந்த மூன்றாவது வாரத்திலேயே பால்பல் எட்டிப் பார்க்கும். இரண்டு மாதத்துக்குள் 28 பால்பல்லும் வந்துவிடும், ஒவ்வொன்றும் ஊசி. நம் கையில் விழுகிற கீறலெல்லாம் இந்த ஊசிகளின் வேலை. மூன்றரை, நான்கு மாத வாக்கில் முன்பற்கள் முதலில் விழ ஆரம்பிக்கும், அடுத்து கோரைப்பல், கடைசியாகக் கடைவாய். ஆறிலிருந்து ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் 42-ம் முளைத்துவிடும், மேலே 20, கீழே 22. ஆக, மும்முரமான காலம் என்பது மூன்றரை மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை. மென்று பார்க்கிற ஆசை அதோடு நின்றுவிடாது, ஒரு வயதுக்கு மேலும் இருக்கும், ஆனால் அந்தப் பரபரப்பு அடங்கிவிடும்.

விழுகிற பல்லை நீங்கள் அநேகமாகப் பார்க்கவே மாட்டீர்கள், குட்டியே விழுங்கிவிடும், அதனால் ஒன்றும் ஆகாது. எனக்கு ஒன்றே ஒன்று கிடைத்தது. காலையில் பட்டாலையை, அதாவது கூடத்தை, கூட்டும்போது ஆத்தங்குடித் தரைக் கல்லின் சிவப்புப் பூவின் நடுவே அரிசிக் குருணை மாதிரி ஏதோ கிடந்தது, எடுத்துப் பார்த்தால் உள்ளே குழிந்த சின்ன முன்பல், வேர்ப் பக்கம் லேசாக ரத்தப் பழுப்பு. மகள் அதை இன்னும் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். கடித்த பொம்மையிலும் துண்டிலும் இளஞ்சிவப்பாக ஒன்றிரண்டு சொட்டு ரத்தக் கறை, வாயில் கொஞ்சம் வாடை, காய்ந்த சாப்பாட்டைக் கடிக்கத் தயங்குவது, இதெல்லாம் இந்த நாட்களில் சகஜம். சாப்பாட்டை வெந்நீரில் ஊறவைத்து ஆறியதும் கொடுத்தால் போதும்.

குட்டியை எத்தனை வாரத்தில் கொண்டுவந்தீர்கள் என்பதும் ஒரு விஷயம். தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது: பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் விற்பனை விதிகளே சொல்கின்றன, ஆனால் நம் பக்கத்தில் "முப்பது நாள் ஆச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று கொடுப்பதுதான் நடக்கிறது. அப்படி வந்த குட்டிக்கு அந்தப் பாடத்தையும் நாம்தான் நடத்த வேண்டும், கூடுதலாக ஒரு மாதம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை: வீட்டைச் சுருக்குங்கள்

குட்டிக்குப் பாடம் சொல்வதற்கு முன்னால் இடத்தைச் சுருக்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் இது பெரிய வேலை, ஏனென்றால் முகப்பில் நுழைந்தால் வளவு என்கிற முற்றக் கட்டு, பட்டாலை, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பின்வாசல் தெரு வரைக்கும் ஒரே நேர்கோட்டில் கதவு திறந்து கிடக்கும், குட்டி ஒரு ஓட்டத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும், நீங்கள் எழுந்து போவதற்குள் எதையோ விழுங்கி முடித்திருக்கும். நான் செய்தது இதுதான்: இரண்டாம் கட்டில் ஒரு மூலையை ஒதுக்கி, வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரப் பலகை ஒன்றைச் செருகிவிட்டேன். குழந்தைகளுக்குப் போடுகிற கம்பித் தடுப்பு கிடைத்தாலும் சரி. உள்ளே படுக்கச் சாக்கு, தண்ணீர்ச் சட்டி, கடிக்க இரண்டு பொருள். நான் பார்க்க முடியாத நேரமெல்லாம் அதன் இடம் அதுதான். இது தண்டனை இடமில்லை, அங்கேயே சாப்பாடும் போடுங்கள், தானாகப் போய்ப் படுக்கும்.

அப்புறம் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரைக்கும் என்னென்ன இருக்கிறது என்று குனிந்து ஒரு சுற்று வாருங்கள். எங்கள் வீட்டில் பயமுறுத்திய பொருள்களைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் பாதி இருக்கும்.

அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டிதான் முதல். அதில் இருக்கிற சுண்ணாம்பு குட்டியின் நாக்கையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும், புகையிலை அதைவிட மோசம், கொஞ்சம் விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. பெட்டி எப்போதும் தரையில், அப்பத்தாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கும், எழுபது வருஷப் பழக்கம், மாற்றச் சொன்னால் யார் கேட்பது? கடைசியில் ஊஞ்சல் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்து, பையில் போட்டு மாட்டினேன். "நாய்க்காக என் பெட்டிய தூக்குல போட்டுட்டான்" என்று ஒரு வாரம் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது அந்துருண்டை. பழைய பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் பட்டுச் சேலைக்கு நடுவே போட்டது உருண்டு எங்காவது மூலையில் கிடக்கும், அது விஷம். எலி மருந்து சொல்லவே வேண்டாம், பூட்டிக்கிடக்கிற பங்காளி அறைகளில் யார் எப்போது வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, அந்தக் கதவுகளின் அடியில் சந்து இருந்தால் அடைத்துவிடுங்கள். கொல்லையில் அரளி இருந்தால் குட்டியை அந்தப் பக்கமே விடாதீர்கள், இலை, பூ, பட்டை, விதை எல்லாமே இதயத்தைத் தாக்குகிற விஷம். வாடி உதிர்ந்த இலைக்கும் அதே குணம்தான்.

ஒயர். பழைய வீட்டில் பிளக் பாயிண்ட் குறைவு, அதனால் வளவு நெடுக இழுவைப் பெட்டி ஒயர் ஓடும். குட்டிக்கு அது ரப்பர்ப் பாம்பு. எலெக்ட்ரிகல் கடையில் பிவிசி கேசிங் மலிவாகக் கிடைக்கும், ஒயரை அதற்குள் விட்டு ஓரமாக ஆணி அடியுங்கள், சார்ஜரை வேலை முடிந்ததும் கழற்றி மேலே வையுங்கள். நான் இரண்டு சார்ஜருக்குப் பிறகு கற்றது, அதிர்ஷ்டம், இரண்டு தடவையும் சுவிட்ச் அணைந்திருந்தது.

கடைசியாகச் செருப்பு. நம் வீடுகளுக்கு வருகிறவர்கள் முகப்பில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள், போகும்போது ஒற்றைக் காலில் நின்று தேடுவார்கள். கதவு வைத்த செருப்பு அலமாரி ஒன்று போட்டதில் இந்தப் பிரச்சினை முடிந்தது. "பழைய செருப்புதானே, கடிச்சுட்டுப் போகட்டும்" என்று ஒன்றைத் தூக்கிப் போடாதீர்கள். பிய்ந்த செருப்புக்கும் சம்பந்தி வீட்டார் போட்டுவந்த புதுச் செருப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, தோல் வாசம் ஒன்றுதான்.

மரத்துக்கு என்ன செய்வது? செல்லப்பிராணிக் கடையில் கசப்பு ஸ்பிரே கிடைக்கிறது, தூணிலும் நிலையிலும் தினம் ஒரு தடவை அடித்தால் பல குட்டிகள் விட்டுவிடும், சில குட்டிகள் நக்கிச் சுவைக்கும், சீடை இரண்டாவது ரகம். மிளகாய்த் தூள் தடவாதீர்கள், கண்ணிலும் மூக்கிலும் ஏறிவிடும், பாவம். வேப்பெண்ணெயைக் குட்டி நக்குகிற இடத்தில் பூச வேண்டாம், வயிற்றுக்குள் போனால் வாந்தி எடுக்கும். நிலையின் கீழ் இரண்டடிக்குத் தகரம் சுற்றிக் கட்டியதுதான் எனக்குப் பலித்தது, பார்க்க அசிங்கம்தான், மூன்று மாதம் அப்படியே இருந்தது.

கடிக்க என்ன கொடுக்கலாம்

இதில் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். பொருளை உங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் அது பல்லை உடைக்கும். தேங்காய்ச் சிரட்டை, மாட்டுக் கொம்பு, காய்ந்த பெரிய எலும்பு எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். அதோடு, பொருள் மொத்தமாக வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும்.

பைசா செலவில்லாத, இன்றைக்கும் நான் முதலில் சிபாரிசு செய்கிற பொருள் பழைய பருத்தித் துண்டு. நன்றாக நனைத்து, பிழியாமல் முறுக்கி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு ஃபிரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். எடுத்தால் முறுக்கு மாதிரி விறைப்பாக இருக்கும். அப்படியே கொடுக்காமல் இரண்டு நிமிஷம் வெளியே வைத்து, மேல் பனி கொஞ்சம் விட்டதும் கொடுங்கள். சீடை முதல் நாள் அதை முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கடைவாயில் வைத்து அரைத்தது, கரகரவென்று ஐஸ் நொறுங்குகிற சத்தம் வளவு வரை கேட்டது. கால் மணி நேரத்தில் சுற்றிலும் தண்ணீர்க் குட்டை, நடுவில் கண் சொருகிய குட்டி. துண்டு இளகிப் போய் நூல் இழுக்க ஆரம்பித்தால் உடனே வாங்கிவிடுங்கள், விழுங்கிய நூல் குடலைச் சுருட்டிவிடும். உப்பும் மசாலாவும் வெங்காயமும் இல்லாமல் கோழி வேகவைத்த தண்ணீரில் நனைத்து உறையவைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

முழுக் கேரட், நல்ல தடிமனாக, ஃபிரிட்ஜில் வைத்தது, அதுவும் நல்லது. வட்டமாக நறுக்கிப் போடாதீர்கள், அந்த வில்லை தொண்டையில் சிக்கும். கடையில் வாங்குவதென்றால் உள்ளே குழிவான ரப்பர் பொம்மை ஒன்று, காங் என்ற பெயரில் வருவது பிரபலம், அதே மாதிரி வேறு கம்பெனிகளும் போடுகிறார்கள். குட்டிகளுக்கென்று மென்மையான ரகம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் கொஞ்சம் தயிர்சாதத்தைக் குழைத்து அடைத்து உறையவைத்தால் அரை மணி நேரம் வீடு அமைதி. மூன்று நான்கு பொருள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாமல் இரண்டு இரண்டாக மாற்றி மாற்றிப் போடுங்கள், நேற்று இல்லாத பொருள் இன்றைக்குப் புதுசு.

கூடாதவற்றில் நம் ஊர் அய்ட்டங்கள் சில. தேங்காய் மட்டை: பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவந்து போடுவார்கள், நார் நாராகப் பிய்ந்து குடலில் அடைக்கும். சப்பிய மாங்கொட்டை, மக்காச்சோளக் கதிர்த் தண்டு, இரண்டும் அப்படியே விழுங்கி அடைத்துக்கொள்கிற சாமான்கள், சித்திரை வைகாசியில் குப்பைக் கூடையை மூடியே வையுங்கள். பாயசத்துத் திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஒன்றிரண்டுதானே என்று போடக் கூடாது. சாக்லேட் வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கிற சைலிட்டால் கொடிய விஷம்.

எலும்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கோழியும் ஆடும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாத ஊர். வெந்த கோழி எலும்பு நீளவாக்கில் சிலாம்பு சிலாம்பாக உடையும், அந்த முனை தொண்டையைக் கிழிக்கும், குடலைக் குத்தும். அதோடு நம் குழம்பு என்பது சின்ன வெங்காயமும் பூண்டும் அரைத்து ஊற்றியது, இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறவை. "காலங்காலமா தெரு நாயெல்லாம் எலும்பு தின்னுட்டுத்தானே இருக்கு" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். தெரு நாய் எத்தனை எந்த முடுக்கில் எதனால் செத்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை என்று சொன்னேன். பந்தியில் இலை எடுக்கிற நாள் என்றால் குட்டியைப் பலகைக்குப் பின்னால் விட்டுவிடுவதுதான் ஒரே வழி, விருந்தாளி பத்துப் பேரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

கையைக் கடிக்கும்போது

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. பதில் சின்னது, செய்வதுதான் கஷ்டம்: விளையாட்டை நிறுத்துங்கள்.

பல் தோலில் பட்ட அந்த நொடியில் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் கீறல் நீளமாகும், அதோடு ஓடுகிற பொருளைத் துரத்துவது நாயின் ரத்தத்தில் இருப்பது. கையைத் தளர்த்தி அசையாமல் வைத்து, "போதும்" என்று சாதாரணக் குரலில் ஒரே ஒரு தடவை சொல்லி, வாய்க்குப் பக்கத்தில் பொம்மையை நீட்டுங்கள். அதைக் கவ்வினால் விளையாட்டு தொடரட்டும். பொம்மையை விட்டுவிட்டு மறுபடியும் கைக்கே வந்தால் எழுந்து பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் அரை நிமிஷம் முதுகைக் காட்டி நில்லுங்கள். அரை நிமிஷம்தான், பத்து நிமிஷமில்லை. பத்து நிமிஷத்தில் அதற்கு எதற்காக என்பது மறந்துவிடும். திரும்பி வந்து பழையபடி விளையாடுங்கள். ஒரு மாலையில் இதை நான் பதினோரு தடவை செய்திருக்கிறேன், வேலி தாண்டுகிற ஆடு மாதிரி, வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் கடி அழுத்தம் குறைந்தது, ஐந்து வாரத்தில் பல் படுவதே அபூர்வமானது.

"ஐயோ!" என்று கீச்சுக்குரலில் கத்தச் சொல்கிறவர்கள் உண்டு, கூடப்பிறந்த குட்டி கத்துகிற மாதிரி. சில குட்டிகளிடம் அது நடக்கும். சீடையிடம் கத்தினால் அதற்கு இன்னும் குஷி, வாலை ஆட்டிக்கொண்டு அடுத்த கையைத் தேடும். உங்கள் குட்டி எந்த ரகம் என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது, மல்லாக்கத் தள்ளி அமுக்குவது, இதெல்லாம் வேண்டாம். அப்பத்தா முதல் வாரமே சொன்னார், "மூஞ்சியில ஒண்ணு வையி, அடங்கிரும்." வைத்தால் அடங்கும்தான், கையைக் கண்டால் பயப்படும், கொஞ்சம் வளர்ந்ததும் முகத்தருகே கை வந்தால் பயத்தில் நிஜமாகவே கடிக்கும். அப்போது வாயில் 42 பல் இருக்கும்.

அப்பத்தாவிடமே ஒரு தனிப் பிரச்சினை இருந்தது. கண்டாங்கிச் சேலையின் ஓரம் நடக்கும்போது ஆடும், குட்டி அதைக் கவ்விக்கொண்டு தொங்கும், அவர் "சீ, சீ" என்று வேகமாக நடப்பார், அது இன்னும் வேகமாகத் தொங்கும், ஒரு நாள் தடுக்கி விழப்போனார். அவருக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "நீங்க நின்னுருங்க அப்பத்தா. தூண் மாதிரி நில்லுங்க." நிற்கிற சேலையில் சுவாரசியம் இல்லை, விட்டுவிடும், விட்ட நொடி ஒரு வாய்ச் சோறோ பொரியோ கீழே போடச் சொன்னேன். மடியில் பொரி கட்டிக்கொண்டு நடமாட ஆரம்பித்தார். மூன்றாவது வாரத்தில் குட்டி சேலையை விட்டுவிட்டு மடிக்குப் பின்னால் போனது, ஒன்று போனால் ஒன்று.

எதையாவது வாயில் வைத்துக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள். நீங்கள் துரத்துவதுதான் அதற்கு உலகத்திலேயே பெரிய விளையாட்டு. உட்கார்ந்து, அதைவிட ருசியான ஒன்றைக் காட்டிப் பண்டமாற்று செய்யுங்கள். வாயைப் பிளந்து பிடுங்கிக்கொண்டே இருந்தால் அடுத்த முறை எடுத்த உடனே விழுங்கப் பார்க்கும், இல்லை உறும ஆரம்பிக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பது இதில் முக்கியம். நான் நிறுத்த, என் தம்பி லீவில் வந்து கையை வாய்க்குள் விட்டுக் குலுக்கி விளையாட, ஒரு வார உழைப்பு ஒரே மாலையில் போயிற்று.

தூக்கம்

இப்போது நான் கண்டுபிடித்ததற்கு வருகிறேன். பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் ஒரு வாரம் குறித்து வைத்தேன்: எத்தனை மணிக்குக் கடித்தது, அதற்கு முன்னால் எவ்வளவு நேரமாக முழித்திருந்தது. வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பார்த்தால் முக்கால்வாசிக் கடி சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. விளக்கு வைக்கிற நேரம், மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து குதிக்கிற நேரம், தெருவில் வருகிறவர் போகிறவரெல்லாம் எட்டிப் பார்த்துக் கொஞ்சுகிற நேரம். மத்தியானம் மூன்று மணிக்கு முழித்த குட்டி அதற்கப்புறம் கண்ணே மூடியிருக்காது.

இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18-லிருந்து 20 மணி நேரம் தூங்க வேண்டும். நம்ப முடியாதுதான். பற்றாவிட்டால் கைக்குழந்தை சிணுங்குகிற மாதிரி இது கடிக்கும், கண் சிவந்து, காது பின்னால் போய், வளவைச் சுற்றிச் சுற்றி ஓடும், என்ன பொம்மை கொடுத்தாலும் எடுக்காது. அந்த நேரத்தில் "இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் களைத்துவிடும்" என்று பந்து போடுவதுதான் நாம் செய்கிற தப்பு, ஏற்கனவே களைத்ததால்தான் இந்த ஆட்டம்.

ஒரு மணி நேரம் முழிப்பு, ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் தூக்கம் என்று மாற்றிவிட்டேன். முழித்ததும் வெளியே கூட்டிப்போய் ஒன்றுக்கு, அப்புறம் சாப்பாடோ விளையாட்டோ, கடைசிப் பத்து நிமிஷம் உறைந்த துண்டு, அப்படியே பலகைக்குப் பின்னால். முதல் இரண்டு நாள் ஐந்து நிமிஷம் சிணுங்கியது. பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் பேப்பர் படித்தேன். கோடையில் சாக்கை விட்டுவிட்டு வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு படுக்கும், ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி அப்படி. சாயங்காலம் ஐந்தே காலுக்குத் தூக்கம் கட்டாயமானதும் ஆறு மணிக் கடி பாதிக்கு மேல் நின்றுவிட்டது. கசப்பு ஸ்பிரே, பொம்மை, பண்டமாற்று எல்லாம் சேர்ந்து செய்யாததை இது செய்தது.

பிள்ளைகள் இருக்கிற வீடு

குட்டியையும் சின்னப் பிள்ளைகளையும் பெரியவர் ஒருவர் இல்லாமல் தனியே விடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரே பாடம்: குட்டி கடிக்க வந்தால் ஓடாதே, கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நில், மேலே பார். அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடாதே. என் மகள் திண்ணையில் ஏறி நின்றுகொள்வாள், அதுவும் சரிதான்.

ரத்தம் வருகிற மாதிரி பல் பட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், "வீட்டுக் குட்டிதானே" என்று விடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைப் 15 நிமிஷம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து. காபித் தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்க வேண்டாம், கட்டும் போட வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள், வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம், ஆரம்பித்தால் சொன்ன தேதிகளில் எல்லாத் தவணையையும் போட்டு முடியுங்கள். இரண்டு மாதக் குட்டிக்கும் ரேபிஸ் இருக்கலாம், தாய்க்குத் தடுப்பூசி போடவில்லை, தெரு நாய் வந்துபோகிற கொல்லை என்றால் இன்னும் ஜாக்கிரதை. அறிகுறி வந்த பிறகு அந்த நோய்க்கு வைத்தியம் கிடையாது. குட்டிக்கு ஆறு, எட்டு வாரத்தில் பார்வோ முதலான நோய்களுக்குத் தடுப்பூசி ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை 16 வாரம் வரை போட வேண்டும், மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி மறு தவணையும் வருஷா வருஷமும். இந்த ஊசிகள் முடிகிற வரை தெருவில் இறக்கி நடத்த முடியாது என்பதால்தான் வீட்டுக்குள் இத்தனை ரகளை, அதையும் மனதில் வையுங்கள்.

எப்போது டாக்டரிடம்

வலிக்கிறதே என்று பாரசிட்டமாலோ புரூஃபனோ கொடுக்காதீர்கள், மனிதர்களுக்கான பல்வலி ஜெல், கிராம்புத் தைலம் தடவாதீர்கள், நாய்க்கு இவை கெடுதல். இரண்டு வேளைக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால், ஒரு பக்கக் கன்னம் வீங்கினால், பல் உடைந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் காட்டிவிடுங்கள். எதையோ விழுங்கியதாகச் சந்தேகம், அதோடு வாந்தி, வெளிக்குப் போகவில்லை, வயிறு கல் மாதிரி என்றால் காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சாப்பாட்டுச் சட்டிப் பக்கம் போனாலே உடம்பை விறைத்து, அசையாமல் நின்று உறுமினால் அது பல் முளைக்கிற சமாச்சாரம் இல்லை, நாய்களின் நடத்தை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஆறு மாதம் முடிகிறபோது உதட்டைத் தூக்கி ஒரு தடவை பாருங்கள். புதுக் கோரைப்பல் வந்த பிறகும் பால் கோரைப்பல் விழாமல் பக்கத்திலேயே இரட்டையாக நின்றால் நடுவே சாப்பாடு அடைத்து ஈறு கெடும், பல் வரிசையும் கோணிவிடும், டாக்டர் அதை எடுத்துவிடுவார். சின்ன ஜாதி நாய்களுக்கு இது அதிகம். சீடைக்கு இடது பக்கம் மேலே ஒன்று அப்படி நின்றது. காட்டலாம் என்று திங்கட்கிழமைக்கு வைத்திருந்தேன், ஞாயிறு ராத்திரி கேரட்டோடு தானாக விழுந்துவிட்டது.

ஏழாவது மாதம் தகரத்தைக் கழற்றினேன். உள்ளே நாலு விரல் அகலத்துக்குப் பல் தடம், வரிவரியாக. ஆசாரி வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தத் தேக்க இப்ப எங்க போயி வாங்குறது, அப்படியே விட்ருங்க, எண்ணெ மட்டும் போடுங்க" என்றார். போட்டிருக்கிறேன். பங்காளிகள் மாசியில் வருகிறார்கள்.